அருகே இருப்பதைப் பார்க்க ஒரு தொலைநோக்கி

1630களின் இறுதியில், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் லீட்ஸ் நகருக்குப் பக்கத்தில் வசித்த வில்லியம் காஸ்காய்ன் என்ற இளைஞரின் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி நூல் இழுத்துவிட்டது. வானம் பார்ப்பதில் பித்துக்கொண்ட மனிதர் அவர். குழாய்க்குள் கண்ணை வைத்தால், தூரத்துப் பொருளும் அந்தச் சிலந்தி நூலும் ஒரே நேரத்தில் துல்லியமாகத் தெரிகின்றன. மற்றவராக இருந்தால் துணியை எடுத்துத் துடைத்துப் போட்டிருப்பார். காஸ்காய்ன் துடைக்கவில்லை. நூல் இருக்கும் இடத்தில்தான் பிம்பமும் விழுகிறது, அதனால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன என்று புரிந்துகொண்டார். அப்படியென்றால் அந்த இடத்தில் நாமே ஒரு நூலைக் கட்டலாம், நட்சத்திரத்தை அந்த நூலின்மேல் நிறுத்தலாம், கோணத்தை அளக்கலாம். இன்று உலகம் முழுக்கத் துப்பாக்கி என்றதும் மனதில் வரும் அந்தக் கூட்டல் குறி வானியல்காரர் ஒருவரின் குழாயில் சிலந்தி போட்ட பிச்சை.

இதில் ஒரு சின்ன நுட்பம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் நகர முடியாது. கலிலியோவின் தொலைநோக்கியில் இது நடந்திருக்காது. அதில் கண்பக்கம் இருப்பது குழிலென்ஸ். குழாய்க்குள் எங்குமே மெய்பிம்பம் உருவாவதில்லை. 1611இல் கெப்ளர் முன்வைத்த வடிவத்தில் இரண்டு பக்கமும் குவிலென்ஸ். பிம்பம் தலைகீழாகத் தெரியும். ஆனால் குழாயின் நடுவே, காற்றில், நிஜமாகவே ஒரு பிம்பம் தொங்கும். சிலந்தி தற்செயலாக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. காஸ்காய்ன் 1644இல் மார்ஸ்டன் மூர் போரில் இறந்தார் என்று சொல்வார்கள். அவருடைய குறுக்கிழை போர்க்களத்துக்குப் போய்ச்சேர அதற்கு மேலும் 200 ஆண்டுகள் ஆயின.

இந்தக் கட்டுரை அந்தக் குறுக்கிழை போர்க்களத்துக்குப் போனதைப் பற்றியது அல்ல. அங்கிருந்து கீழே இறங்கி, இருப்பதிலேயே சின்னத் துப்பாக்கியின் முதுகில் ஏறிய கதை. 

காரணம் ஒரு நண்பன். டெக்சாஸில் என்னைப்போலவே கணினி முன் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். பக்கத்து வீட்டுக்காரர் அணில் வேட்டைக்குப் போகிறவர், அவரோடு பேசிப்பேசி இவனும் ஒரு .22 வாங்கினான். கையோடு கடையில் இருந்ததிலேயே பளபளப்பான ஒரு ஸ்கோப்பையும் வாங்கி மாட்டினான். 25 கெஜத்தில் காகித அட்டை. சுட்டால் ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி விழவேண்டிய தூரம். இவனுக்கோ உள்ளங்கை அளவு சிதறல். போன் போட்டு, "மச்சான், துப்பாக்கி கோணலா, இல்ல நான் கோணலா?" என்றான். லென்ஸ் வரலாற்றைப் பற்றி நான் அவ்வப்போது எழுதுவதைப் படித்துவிட்டு, எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறான். இரண்டுமே கோணல் இல்லை. கோணல் இருந்தது ஸ்கோப்புக்குள், ஒரு எண்ணில். அந்த எண் அங்கே எப்படி வந்தது என்பதுதான் விஷயம்.

முதலில் துப்பாக்கி. என்சிசி முகாமுக்குப் போனவர்களுக்கு .22 அறிமுகமாகியிருக்கும். தரையில் குப்புறப் படுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக விசையை இழுத்தபோது, எதிர்பார்த்த பேரிடி வராமல் "டப்" என்று ஒரு சின்னச் சத்தம் வந்து ஏமாற்றியிருக்குமே, அதேதான். தோளில் உதையே இருக்காது. இந்தச் சாதுத்தனத்துக்குக் காரணம் தோட்டாவின் உடம்பு.

பெரிய துப்பாக்கிகளின் தோட்டாவில், பின்பக்கம் நடுவில் ஒரு குமிழ் இருக்கும். அடி ஊசி அதைத் தட்டும், தீப்பொறி உள்ளே போகும், மருந்து எரியும். அதனால் அதற்கு சென்டர்ஃபையர் என்று பெயர். .22இல் அந்தக் குமிழ் கிடையாது. பித்தளைக் குப்பியின் அடிவிளிம்பு உள்ளீடற்றதாக மடிக்கப்பட்டு, அந்த மடிப்புக்குள் தட்டினால் வெடிக்கும் கலவை தடவப்பட்டிருக்கும். அடி ஊசி விளிம்பை நசுக்கவேண்டும். எனவே ரிம்ஃபையர். நசுங்க வேண்டும் என்றால் பித்தளை மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லியதாக இருந்தால் அதிக அழுத்தம் தாங்காது. .30-06 போன்ற வேட்டைத் தோட்டா சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு அழுத்தம் வரை போகும்போது, .22 நிற்பது 24,000 பக்கம். அதன் வேகம், உதைப்பு, விலை, எட்டும் தூரம் என எல்லாமே இந்த ஒரு மடிப்பிலிருந்து வருகின்றன.

இதைத் தொடங்கிவைத்தவர் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்ற பாரிஸ்காரர். 1845இல், அப்போது துப்பாக்கிகளைக் கிளப்பப் பயன்பட்ட சின்ன வெடிமூடியின் வாயில் ஒரு ஈயக் குண்டைச் செருகினார். தனியாக வெடிமருந்துகூடக் கிடையாது, மூடியின் வெடிப்பே குண்டைத் தள்ளும். அதை மக்கள் எங்கே சுட்டார்கள் தெரியுமா? வீட்டுக்குள், வரவேற்பறையில். விருந்து முடிந்து விளையாடும் விளையாட்டு. 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அந்த யோசனையை எடுத்து, குப்பியை நீட்டி, கொஞ்சம் மருந்தும் போட்டு .22 ஷார்ட்டைக் கொண்டுவந்தது. 1887இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 40 கிரெய்ன் குண்டோடு .22 லாங் ரைபிளை வெளியிட்டது. 40 கிரெய்ன் என்றால் இரண்டரை கிராம் சொச்சம். இன்றும் உலகில் மிக அதிகமாகச் சுடப்படும் தோட்டாக்களில் அது ஒன்று, வடிவமும் பெரிதாக மாறவில்லை. பிறந்ததே கூடத்துக்குள் என்பதை மறந்துவிடாதீர்கள். இந்தத் தோட்டாவின் உலகம் ஆரம்பத்திலிருந்தே அருகில்தான்.

இனி ஸ்கோப். அது பிறந்தது நேர் எதிரான ஆசையிலிருந்து.

கெப்ளர் குழாயில் உலகம் தலைகீழ் என்றேன். நட்சத்திரத்துக்குத் தலை ஏது கால் ஏது, வானியலாளருக்குக் கவலையில்லை. சுடுபவருக்குக் கவலை உண்டு. பிம்பத்தை நிமிர்த்த நடுவே இன்னும் லென்ஸ்கள் வேண்டும், அதனால் குழாய் நீண்டது. 1840களில் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் மார்கன் ஜேம்ஸ் என்ற துப்பாக்கிச் செய்நர், ஜான் ராட்க்ளிஃப் சாப்மன் என்ற பொறியாளரின் வடிவமைப்பில், துப்பாக்கிக் குழல் அளவுக்கே நீண்ட ஸ்கோப்களைச் செய்தார். சாப்மன் இளம் குறிகாரர்களுக்கென்று ஒரு புத்தகமே எழுதினார். 1855இல் அதே மாநிலத்தின் சிராக்யூஸில் வில்லியம் மால்கம் தொழிலைத் தொடங்கி, நிறப்பிறழ்ச்சியைக் குறைக்கும் இணைப்பு லென்ஸ்களை ஸ்கோப்புக்குள் கொண்டுவந்தார். அதற்கு முன்னால், குறியைச் சுற்றி ஊதாவும் சிவப்புமாக ஒரு விளிம்பு ஒட்டிக்கொண்டு வரும். பிறகு உள்நாட்டுப் போர், அதற்குப் பிறகு மேற்கே காட்டெருமைகளை லட்சக்கணக்கில் கொன்று குவித்த வேட்டைக்காரர்கள். அந்தப் பகுதியை விரித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான். ஸ்கோப்பை வாங்கியவர்கள் எல்லோரும் தூரத்தை வாங்கினார்கள். கண்ணுக்கு எட்டாததை எட்டவைப்பதுதான் அதன் வேலை, அதற்குத்தான் காசு.

சின்னத் தோட்டாவும் நீளக் குழாயும் சந்தித்துக்கொண்டது போட்டி மைதானத்தில். தென்னாப்பிரிக்காவில் போயர் விவசாயிகள் தங்கள் சிப்பாய்களைவிட நன்றாகச் சுடுகிறார்கள் என்று கண்டு அதிர்ந்துபோன பிரிட்டன், ஊர்க்காரர்களுக்குச் சுடப் பழக்க நினைத்தது. 1901இல் குறுந்துப்பாக்கிக் கழகங்களுக்கான சங்கம் உருவாகி, ராபர்ட்ஸ் பிரபு அதற்குப் பக்கபலமாக நின்றார். பெரிய மைதானம் தேவையில்லை, தோட்டா மலிவு, ஆலைக்குப் பின்புறத்துக் கொட்டகை போதும். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்திலும் இதே காய்ச்சல். 1910ஐ ஒட்டி வின்செஸ்டர் ஏ5 என்ற ஐந்து மடங்கு ஸ்கோப் வந்தது. 1928இல் அது லைமன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1930களில் பிட்ஸ்பர்க்கில் ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஜான் உனர்ட்டல் தனிக்கடை போட்டார்; லைமன் 1937இல் சூப்பர் டார்கெட்ஸ்பாட்டைக் கொண்டுவந்தது.

இந்த நீளக் குழாய்களின் முன்முனையில் ஒரு வளையம் இருந்தது. திருகினால் முன் லென்ஸ் முன்னும் பின்னும் நகரும். வளையத்தைச் சுற்றித் தூர எண்கள். 50 கெஜத்தில் சுடும்போது 50இல் வை, 100க்குப் போனால் 100இல் வை. அமெரிக்க .22 போட்டிகளில் இந்த இரண்டும்தான் முக்கியமான தூரங்கள். ஸ்கோப் அனுமதிக்கும் ஆட்டம், அனுமதிக்காத ஆட்டம் என்று இருவகையும் அங்கே நடக்கும். (ஒலிம்பிக்ஸில் ஸ்கோப்புக்கு இடமே இல்லை. 2024இல் பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அதுவும் .22 லாங் ரைபிள்தான். ஆனால் அவர் பார்த்தது ஊசித்துளை போன்ற ஓர் உலோக வட்டத்தின் வழியாக.) அந்த வளையத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் நண்பன் 2020களில் வாங்கிய ஸ்கோப்பில் இல்லாத ஒன்று, 1937இன் ஸ்கோப்பில் இருந்தது.

எங்கே காணாமல் போனது? விலையில்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் பில் வீவர். வில்லியம் ரால்ஃப் வீவர், 1905இல் பிறந்தவர். 1930இல், உலகமே பொருளாதாரச் சரிவில் குப்புற விழுந்துகொண்டிருந்த நேரத்தில், கெண்டக்கியில் இருந்துகொண்டு 330 என்ற ஸ்கோப்பைச் செய்து விற்கத் தொடங்கினார். 3/4 அங்குல மெல்லிய எஃகுக் குழாய், ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெருக்கம், மாட்டும் பிடியோடு சேர்த்து 19 டாலர். முந்தைய ஸ்கோப்களில் குறியைச் சரிசெய்யக் குழாய் முழுவதையும் வெளியிலிருந்து அசைக்கவேண்டும். வீவருடையதில் உள்ளேயே திருகு. 1933இல் டெக்சாஸின் எல் பாசோவுக்கு இடம்பெயர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் இராணுவத்துக்கு அவசரமாக ஸ்கோப் தேவைப்பட்டபோது, அதே 330தான் எம்73பி1 என்ற இராணுவப் பெயரோடு ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கிகளின்மேல் ஏறியது. இருபதுகளின் நடுவில் இருந்த ஒருவர், ஏழை வேட்டைக்காரனை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. நல்ல பொறியியல் என்பது எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் இருக்கிறது என்று நம்புகிறவன் நான். வீவர் நிறைய விட்டார். அதில் அந்த வளையமும் ஒன்று.

அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டரை மடங்கில், விரலளவு லென்ஸில், அது பெரிதாக வலிக்காது. ஏன் என்பதைக் கணக்கோடு பிறகு சொல்கிறேன்.

போருக்குப் பிறகு நிலைமை இரண்டாகப் பிரிந்தது. மான் வேட்டைத் துப்பாக்கிகளுக்கு 1 அங்குலக் குழாய் வந்தது. வீவரின் கே வரிசை 1947இல். அதே ஆண்டு லியூபோல்ட் உள்ளே நைட்ரஜன் அடைத்து, பனியில் மங்காத ஸ்கோப்பை விற்றது. நல்ல கண்ணாடி, நல்ல பூச்சு, நல்ல விலை. .22க்கு வந்ததோ 4x15. நான்கு மடங்கு, 15 மில்லிமீட்டர் முன்லென்ஸ், 3/4 அங்குலக் குழாய். துப்பாக்கியின் மேற்பகுதியிலேயே 3/8 அங்குலத் தடம் வெட்டி வந்தார்கள், அதில் நாணயத்தால் திருகி மாட்டிக்கொள்ளலாம். ஏனென்றால் .22 பையன்களின் துப்பாக்கி, பிறந்தநாள் பரிசு. அதற்கு எதற்கு நல்ல கண்ணாடி? 15ஐ நான்கால் வகுத்தால் 3.75. ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அத்தனை மில்லிமீட்டர். நண்பகலில் கண்ணின் பாப்பா இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருக்கும், அப்போது போதும். அணில்கள் இறங்கும் விடியற்காலையில், மரத்தடி இருட்டில், இளம் கண் ஐந்தாறு மில்லிமீட்டருக்கு விரியும். அப்போது அந்தச் சின்னக் கண்ணாடி மங்கல்தான்.

விளைவு எதிர்பார்த்ததே. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் .22 ஸ்கோப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு, மான் துப்பாக்கியின் ஸ்கோப்பை வாங்கி .22இன்மேல் மாட்டினார்கள். 3-9x40. மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு, 40 மில்லிமீட்டர் லென்ஸ். உலகத்தின் சராசரி ஸ்கோப் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டவேண்டும். அட்டைப்பெட்டியில் இந்த இரண்டு எண்களும் பெரிதாக இருக்கும். மூன்றாவதாக ஓர் எண் உண்டு, பல பெட்டிகளில் அது இருக்காது.

பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் "இடமாறு தோற்றப் பிழை" என்று எழுதி எழுதிக் கை வலித்தது ஞாபகம் இருக்கிறதா? முள்ளும் அளவுகோலும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால், தலையை நகர்த்தும்போது அளவு மாறித் தெரியும். முள் வைத்த பழைய வண்டியில் ஓட்டுபவருக்கு 60 காட்டும் மீட்டர், பக்கத்து இருக்கைக்காரருக்கு 55 காட்டும். ஸ்கோப்புக்குள்ளும் இதேதான். காஸ்காய்னின் சிலந்தி நூலும் பிம்பமும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். ஆனால் பிம்பம் விழும் இடம் பொருளின் தூரத்தைப் பொறுத்து நகர்கிறது. நட்சத்திரத்துக்கு ஒரே இடம்தான். 25 கெஜத்தில் இருக்கும் அணிலுக்கு வேறு இடம். ஸ்கோப்பில் நூலை எங்கே நிலைநிறுத்துவது? தொழிற்சாலையில் யாராவது ஒரு தூரத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மான் வேட்டைக்கு 100 கெஜம் என்று வைத்தார்கள். எங்கள் மொழியில் சொன்னால், ஹார்ட்கோட் செய்துவிட்டார்கள். யாரோ எப்போதோ அவர்கள் சூழலுக்குச் சரியென்று எழுதிவைத்த மாறிலி. சூழல் மாறிய பிறகும் உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

கணக்கு சுலபம். முன்லென்ஸின் ஆரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் அமைக்கப்பட்ட தூரத்துக்கும் குறியின் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, அமைக்கப்பட்ட தூரத்தால் வகுங்கள். கண் ஒளிக்கற்றையின் விளிம்புக்குப் போய்விட்டால் வரக்கூடிய அதிகபட்சப் பிழை அது. நண்பனின் ஸ்கோப்: ஆரம் 20 மில்லிமீட்டர், அமைப்பு 100 கெஜம், குறி 25 கெஜம். 20 பெருக்கல் 75 வகுத்தல் 100. பதினைந்து மில்லிமீட்டர். இந்தப் பக்கம் பதினைந்து, அந்தப் பக்கம் பதினைந்து. .22 குண்டின் விட்டமே 5.6 மில்லிமீட்டர்தான். துப்பாக்கியை இம்மிகூட அசைக்காமல், கன்னத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வைத்தால் போதும், குறி மூன்று சென்டிமீட்டருக்கு உலாவும். அதன்மேல் புதியவனின் கைநடுக்கத்தையும் சேர்த்தால் உள்ளங்கை ஆகிவிடும். அதே கணக்கில் வீவர் காலத்து 20 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டால் ஏழரைதான். லென்ஸ் பெரிதாகப் பெரிதாகப் பிழையும் பெரிதாகிறது. அதிகக் காசு கொடுத்து மோசமானதை வாங்கும் அபூர்வமான சந்தர்ப்பம் இது. மான் துப்பாக்கியில் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். 200 கெஜத்தில் அதே ஸ்கோப்பின் அதிகபட்சப் பிழை 20 மில்லிமீட்டர். மானின் நெஞ்சு அதைப்போல் எத்தனையோ மடங்கு பெரிது.

அணிலின் தலை ஒரு பெரிய எலுமிச்சம்பழ அளவு. பக்கத்து வீட்டுக்காரர் தலையைத் தவிர வேறெங்கும் சுடமாட்டாராம். பதினைந்து மில்லிமீட்டர் தவறினால் தாடை உடையும். உடைந்த தாடையோடு அணில் மரப்பொந்துக்குள் போய்விடும், பிறகு சாக நாளாகும், எடுக்கவும் முடியாது. வேட்டை எனக்குப் பிடித்த விஷயம் அல்ல. நான் கறி தின்கிறவன், ஆனால் கொன்று தின்றதில்லை; அதனால் பெரிதாகத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் பெட்டியில் அச்சிடாமல் விட்ட ஒரு எண்ணின் விலையை ஓர் அணில் பொந்துக்குள் கிடந்து கொடுப்பது எனக்கு உறுத்துகிறது. நண்பனிடம் இதைச் சொன்னபோது கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். "அப்ப இத சரிபண்ணாம அவரோட போகல" என்றான்.

.22க்கென்று செய்யப்படும் ஸ்கோப்களில் அந்த மாறிலியை 50 கெஜத்துக்கு மாற்றி வைத்திருப்பார்கள். சில நிறுவனங்கள் 60 வைக்கின்றன. ரிம்ஃபையர் என்று பெட்டியில் போட்டிருந்தால் பெரும்பாலும் அதன் அர்த்தம் இதுதான், கண்ணாடி மட்டம் என்று அர்த்தம் இல்லை. 32 மில்லிமீட்டர் லென்ஸ், 50 கெஜ அமைப்பு, 25 கெஜத்தில் குறி என்றால் பிழை அதிகபட்சம் எட்டு மில்லிமீட்டர், கன்னம் ஓரளவு ஒரே இடத்தில் இருந்தால் இரண்டு மூன்றுதான். இதற்கு ஏன் 50 என்பதற்கும் காரணம் இருக்கிறது. .22 குண்டு வினாடிக்கு 1,050 முதல் 1,250 அடி வேகத்தில் கிளம்பும். ஒலியின் வேகம் 1,125 அடி பக்கம். ஒலியின் வேகத்துக்கு மேலே கிளம்பி வழியில் கீழே இறங்கும் குண்டு, அந்த எல்லையைக் கடக்கும்போது கொஞ்சம் தள்ளாடும். அதனால்தான் போட்டித் தோட்டாக்களை வேண்டுமென்றே ஒலிக்குக் கீழேயே வைத்துச் செய்கிறார்கள். 50 கெஜத்துக்குக் குறியைச் சரிசெய்தால், 100இல் குண்டு ஆறேழு அங்குலம் கீழே விழும். 200இல் ஏறக்குறைய நாலடி, மெதுவான தோட்டா என்றால் இன்னும் கூட. இந்தத் துப்பாக்கி இயல்பாக வாழும் தூரம் 50க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான்.

நாலடி விழுந்தாலும் பரவாயில்லை, கணக்குப் போட்டு அடிப்பேன் என்கிற கூட்டமும் உண்டு. 2010களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் .22 வைத்துத் தொலைதூரப் போட்டிகளின் மாதிரி ஆட்டங்கள் பரவின. தோட்டா மலிவு, மைதானம் சின்னது, காற்றையும் வீழ்ச்சியையும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஒரே சுற்றில் 25 கெஜத்திலும் சுடவேண்டும், 100க்கு அப்பாலும் சுடவேண்டும். அவர்களுக்கு நிலையான மாறிலி எதுவும் உதவாது. அதனால் அந்தப் பழைய வளையம் திரும்பி வந்தது, இப்போது ஸ்கோப்பின் இடப்பக்கத்தில் ஒரு குமிழாக. எண்கள் 10 கெஜத்திலிருந்தேகூடத் தொடங்கும். உனர்ட்டலின் வாடிக்கையாளர்கள் பார்த்தால் இதில் என்ன புதுமை என்று கேட்பார்கள்.

நண்பன் உடனே அதைத்தான் வாங்கவேண்டும் என்று குதித்தான். 6-24x50, இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாடு மேய்வது தெரியுமாம். நான் வேண்டாம் என்றேன். நாற்பதடி ஐம்பதடி உயர மரத்தில் ஓடும் அணிலை 24 மடங்கில் தேடினால் இலைதான் தெரியும். உருப்பெருக்கம் கூடக் கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும், தன் நாடித்துடிப்பே குறுக்கிழையில் ஆடும். பெரிய லென்ஸ் என்றால் ஸ்கோப் உயரமாக உட்காரும். ஸ்கோப்பின் அச்சு குழலுக்கு மேலே ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொண்டாலே, 50க்குச் சரிசெய்த துப்பாக்கி 10 கெஜத்தில் அரை முதல் முக்கால் அங்குலம் கீழே சுடும். அதற்கு மேல் உயர்த்தினால் அதுவும் கூடும். கன்னத்தை வேறு தூக்கித் தூக்கி வைக்கவேண்டும், அப்படித் தூக்கியபோது அது ஒரே இடத்தில் நிற்காது, மறுபடி பழைய பிழை.

காகித அட்டையும் அணிலும் தகர டப்பாவும்தான் என்றால், 2-7x32, 50 கெஜ அமைப்பு. இல்லை, இன்னும் எளிமையாக நிலையான 4x32. நகரும் பாகம் குறைவு, அதே காசுக்குக் கண்ணாடி நன்றாக இருக்கும். மேலே இருப்பது 3/8 அங்குலத் தடமா, அகலமான ரெயிலா என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற வளையங்கள். குறுக்கிழை மெல்லியதாக, ஆனால் மரநிழலில் தொலைந்துபோகாததாக. தோட்டாவின் வீழ்ச்சியைக் காட்டக் கோடு கோடாகப் போட்ட குறுக்கிழைகள் குறிப்பிட்ட ஒரு வேகத்துக்காகக் கணக்கிடப்பட்டவை. தோட்டாவின் பிராண்டை மாற்றினால் கோடுகள் பொய் சொல்லும். 100 கெஜத்தில் கால் அங்குலம் என்று எழுதியிருக்கும் ஒரு கிளிக், 25 கெஜத்தில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான் நகர்த்தும். முதல்முறை சரிசெய்யும்போது "திருகு வேலை செய்யல" என்று போன் போடக்கூடாது, நாலு மடங்கு திருகவேண்டும்.

ஏற்கெனவே வாங்கிய 3-9x40ஐ என்ன செய்வது என்று கேட்டான். எறியவேண்டியதில்லை. சில ஸ்கோப்களில் முன்லென்ஸைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றி, லென்ஸைக் கொஞ்சம் வெளியே திருகி 50க்குக் கொண்டுவந்துவிடலாம் என்று செய்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் உத்தரவாதம் போகும், உள்ளே அடைத்த நைட்ரஜனும் போகும். அல்லது இப்படியே வைத்துக்கொண்டு, கன்னம் படும் இடத்தில் ஒரு டேப்பை ஒட்டி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தலையை வைக்கப் பழகலாம். பிம்பத்தைச் சுற்றிக் கருப்பு வளையம் எல்லாப் பக்கமும் சமமாகத் தெரிந்தால் கண் நடுவில் இருக்கிறது.

எதை வாங்குவதாக இருந்தாலும், வாங்கும் முன்னால் ஒரு சோதனை. மைதானத்திலோ, கடைக்காரர் அனுமதித்தால் கடை வாசலிலோ செய்யலாம். துப்பாக்கியில் மாட்டவே தேவையில்லை. ஸ்கோப்பை மட்டும் ஒரு மணல்பையிலோ மடித்த துண்டிலோ அசையாமல் பதித்து, 25 கெஜத்தில் இருக்கும் ஏதாவதொரு புள்ளியில் குறுக்கிழையை நிறுத்துங்கள். கையை எடுத்துவிடுங்கள். இப்போது தலையை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். குறுக்கிழை புள்ளியை விட்டு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு 50இல் ஒரு புள்ளி.